வண்டியா, வீடா, ஆளா, மருந்தா?

தான்சானியாவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் சிலர் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறார்கள். புதிதாக ஒரு லேண்ட் குரூசர் ஆம்புலன்ஸ் வாங்கலாம், அவ்வளவு இருக்கிறது. கிராமப்புற மாவட்டம் ஒன்றில் பிரசவத்தில் பெண்கள் சாவதைக் குறைக்க அதைச் செலவிடுவது என்பது வரை எல்லோருக்கும் சம்மதம். எதற்குச் செலவிடுவது என்பதில்தான் இழுபறி. பாதிப் பேர் ஆம்புலன்ஸ் என்கிறார்கள். ஒருவர், நிறைமாதக் கர்ப்பிணிகள் வந்து தங்க மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு வீடு கட்டலாம் என்கிறார். இன்னொருவரின் மனைவி செவிலியர்; “வண்டியும் வேண்டாம் வீடும் வேண்டாம், நாலு பெண்களை மருத்துவச்சிப் படிப்பில் சேர்த்துவிடுங்கள்” என்று அவர் சொல்லிவிட்டாராம். ஜாம்பியாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் இதே கேள்வி வேறு உருவங்களில் எனக்கு வந்ததுண்டு. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் மருத்துவன் அல்ல. என் சாய்வையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் ஆம்புலன்ஸ் கட்சி இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சுகாதார நிலையத்தின் மாமர நிழலில், நன்கொடையாளர் பெயர் பக்கவாட்டில் பளிச்சென்று எழுதிய ஆம்புலன்ஸ் ஒன்று நான்கு டயரும் இல்லாமல் கல்மேல் நின்றதைப் பார்த்த நாளிலிருந்து அப்படி. ஆனாலும் ஆம்புலன்ஸ்தான் சரி என்று சொல்ல வேண்டிய ஊர்களும் உண்டு. அவையும் கீழே வரும்.

## முதலில் கடிகாரம்

ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே இருந்தவர்கள். நைஜீரியாவில் மட்டும் ஏறக்குறைய 75,000. இதைக் கேட்டதும் “அங்கெல்லாம் அப்படித்தான்” என்று கையை விரிப்பவர்கள் ருவாண்டாவைப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் பிறப்புக்கு 2000இல் 1,071 தாய்மார் இறந்த நாடு, 2019-20 கணக்கெடுப்பில் 203க்கு வந்துவிட்டது. தான்சானியாவின் சொந்தக் கணக்கெடுப்பில் 2015-16இல் 556 ஆக இருந்தது, 2022இல் 104. இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளில் முன்பின் பிசகு இருக்கும்தான். அதற்காக இறங்குமுகத்தை மறுக்க முடியாது.

எதனால் இறக்கிறார்கள் என்பதோடு எவ்வளவு நேரத்தில் இறக்கிறார்கள் என்பதும் நம் முடிவுக்கு வேண்டும். இந்தத் துறையில் பல ஆண்டுகளாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. சிகிச்சை கிடைக்காவிட்டால் சராசரியாக எவ்வளவு நேரம் உயிர் தாங்கும் என்பது அது:

- பிரசவம் ஆனபின் ரத்தப்போக்கு: 2 மணி நேரம்
- பிரசவத்துக்கு முன் ரத்தப்போக்கு: 12 மணி நேரம்
- கருப்பை கிழிந்தால்: 1 நாள்
- ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால்: 2 நாள்
- குழந்தை இறங்க வழியில்லாமல் வலி நீண்டால்: 3 நாள்
- கிருமித் தொற்று: 6 நாள்

முதல் வரியில் இருப்பதுதான் அதிகம் பேரைக் கொல்வது. மாசிகா மழைக்காலத்தில், செம்மண் சாலையில், இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? வண்டியை வரச்சொல்லி, அது வந்து, ஏற்றி, திரும்பிப் போய்ச் சேர்வது வரை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே ரத்தப்போக்குக்கு மருந்து இருக்க வேண்டியது பிரசவம் நடக்கும் அறையில். வழியடைத்த பிரசவம் வேறு கதை. அதற்குச் சிசேரியன் வேண்டும், கிராமத்துச் சிறு மருந்தகத்தில் அது நடக்காது. அங்கே வண்டி தேவை, நேரமும் இருக்கிறது.

தடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் இதை மூன்று தாமதங்களாகப் பிரித்தார்கள். மருத்துவமனைக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் முதல் தாமதம், போய்ச் சேர்வதில் இரண்டாவது, போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. இன்று வரை இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து பணம் தருபவர்கள் கண்ணுக்கு இரண்டாவது தாமதம்தான் தெரியும். சாலையில் போகும்போதே தெரியும் அல்லவா.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. எந்தத் தாமதத்தை இது குறைக்கிறது? அந்த ஊரில் பெரிய தாமதம் அதுதானா?
2. மூன்றாவது ஆண்டில் இதற்குச் செலவு செய்யப்போவது யார்?
3. இது வேலை செய்ய, கூடவே வேறு எது இருந்தாக வேண்டும்?
4. பலன் எத்தனை மாதத்தில் வரும்?
5. பலன் உண்டு என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, அல்லது நம்பிக்கைதானா?

இரண்டாவது கேள்விக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்தப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த மருத்துவ வேலைகள் ஆப்பிரிக்கா முழுக்கச் சில வாரங்களில் தடுமாறின. அரசாங்கமே அப்படிக் கையை உதறலாம் என்றால், வாட்ஸ்அப் குழுவில் பிறந்த நன்கொடை எத்தனை ஆண்டு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

## வண்டி

மூன்று வகை இருக்கிறது. மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

கார் ஆம்புலன்ஸ். வாங்கும் விலை கண்ணுக்குத் தெரியும். தெரியாத செலவுதான் பெரிது. டீசல், மாற்றுமுறைக்கு இரண்டு மூன்று ஓட்டுநர்கள், காப்பீடு, அந்தச் சாலைகளில் வேர்க்கடலை போல் தீரும் டயர்கள், தலைநகரிலிருந்து வரவழைக்க வேண்டிய உதிரிப் பாகங்கள். மாவட்ட நிதியில் டீசலுக்குப் பணம் தீர்ந்த மாதத்தில் குடும்பத்தையே டீசல் போடச் சொல்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். இன்னொன்று, மாவட்டத்தில் நன்றாக ஓடும் வண்டி அது ஒன்றுதான் என்றால், அதிகாரிகள் கூட்டத்துக்குப் போவதும் தடுப்பூசி ஏற்றி வருவதும் அதில்தான் நடக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. வேறு வண்டி இல்லை.

மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ். பக்கத்தில் படுக்கை இணைத்த பைக். மலாவியின் மங்கோச்சி மாவட்டத்தில் மூன்று சுகாதார நிலையங்களில் இதை வைத்துப் பார்த்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதில் ஆகும் தாமதம் இடத்துக்கு இடம் 2 முதல் 4.5 மணி நேரம் வரை குறைந்தது. வாங்கும் விலை கார் ஆம்புலன்ஸில் 19இல் ஒரு பங்கு. ஓட்டும் செலவு ஆண்டுக்கு 508 டாலர். காரில் ஏறக்குறைய 24 மடங்கு ஆகும். இதைப் படித்தவுடன் பத்து பைக் வாங்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். மழையில் சேறு, செங்குத்தான மலை, இரவு, நீண்ட தூரம் எல்லாம் இதற்கு ஆகாது. வலியில் துடிக்கும் பெண் அதில் படுத்து மேடுபள்ளத்தில் போவதை நினைத்துப் பாருங்கள். சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் போல என்றால் சரி.

அழைத்தால் வரும் உள்ளூர் வாடகை வண்டி. தான்சானியாவில் ‘எம்-மாமா’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நம் காதுக்குச் சிரிப்பாக இருக்கும். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. வோடஃபோன் அறக்கட்டளையின் உதவியோடு 2013இல் விக்டோரியா ஏரிப் பகுதியில் தொடங்கியது. இப்போது அரசே நாடு முழுக்க நடத்துகிறது. 115க்கு இலவசமாக அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் அறிகுறிகளைக் கேட்டு, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் இல்லையென்றால், முன்பே பதிவு செய்துவைத்த உள்ளூர் ஓட்டுநரை அனுப்புகிறார். கொண்டு சேர்த்ததும் ஓட்டுநரின் கைபேசிக்குப் பணம் போய்விடுகிறது. இதில் பிடித்தது என்னவென்றால், சும்மா நிற்கும் நேரத்துக்கு யாரும் செலவு செய்ய வேண்டாம். மற்ற நேரத்தில் அந்த வண்டி சந்தைக்கு வாழைக்காய் ஏற்றும். டயர் மாற்றுவது ஓட்டுநரின் கவலை.

சிறு குழு இதைத் தனியாகத் தொடங்க முடியாது. ஆனால் இது ஏற்கெனவே ஓடும் மாவட்டத்தில், அதற்குப் போட்டியாகத் தனி ஆம்புலன்ஸ் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துவது வீண். நண்பர்களுக்கு நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: அங்கே 115க்கு அழைத்துப் பார்த்தீர்களா?

வண்டிக்கு இன்னொரு மறைவான செலவு இருக்கிறது, அது பணம் அல்ல. போய்ச் சேரும் இடத்தில் இரவில் அறுவை சிகிச்சை செய்ய ஆள் இல்லை, ரத்தம் இல்லை என்றால், வண்டி அவள் இறக்கும் இடத்தைத்தான் மாற்றும். ஊரில் இறந்திருக்க வேண்டியவள் நூறு கிலோமீட்டர் தள்ளி, தெரியாத மனிதர்கள் மத்தியில் இறப்பாள். உடலைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு குடும்பத்தின் தலையில் விழும். அதற்குப் பிறகு அந்த ஊரில் அடுத்த பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்புவார்களா? முதல் தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

## வீடு

பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வந்து மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவது. எத்தியோப்பியா, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லாவற்றிலும் இருக்கிறது. மலாவியில் ஜாய்ஸ் பாண்டா அதிபராக இருந்தபோது 2012இல் தொடங்கிய தாய்நலத் திட்டத்தில் இந்தக் காத்திருப்பு இல்லங்கள் கட்டுவது ஒரு முக்கிய அங்கம்.

இதற்கு ஆதரவாக எப்போதும் காட்டுவது எத்தியோப்பியாவின் அத்தாத் மருத்துவமனைக் கணக்கு. 22 ஆண்டுப் பதிவேடுகளைப் பார்த்ததில், காத்திருப்பு இல்லத்தில் தங்கி வந்தவர்களில் ஒரு லட்சம் பிறப்புக்கு சுமார் 90 தாய்மார் இறந்திருந்தார்கள். நேரே வந்தவர்களில் 1,333. மலைக்க வைக்கும் வித்தியாசம். ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால் காற்று இறங்கிவிடும். நேரே வந்தவர்களில் பலர், வீட்டில் இரண்டு நாள் போராடி, முடியாமல் போனபின் தூக்கி வரப்பட்டவர்கள். தங்கியவர்கள் நடந்து வந்தவர்கள். இரு தரப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதே நாட்டில் ஜிம்மா பகுதியில் ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, இல்லங்களை மேம்படுத்தியதாலும் ஊர்த் தலைவர்களுக்குப் பயிற்சி தந்ததாலும் மருத்துவமனைப் பிரசவம் சொல்லும்படி கூடவில்லை.

ஏன் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். மூன்று வாரம் அவள் இங்கே இருந்தால் வீட்டில் மற்ற குழந்தைகளுக்குச் சோறு யார் போடுவது? சோளக் கதிர் ஒடிக்கும் பருவம் என்றால் காட்டு வேலை? தங்குமிடம் இலவசம், சாப்பாடு? பல இல்லங்களில் சோள மாவையும் விறகையும் பாத்திரத்தையும் அவளே கொண்டுவர வேண்டும், சமைத்துத் தர ஒரு துணையையும் கூட்டி வர வேண்டும். பிரசவத் தேதி எது என்பதே பலருக்கு உத்தேசம்தான். ஸ்கேன் இல்லாத ஊரில் மூன்று வாரம் ஆறு வாரமாக நீளும்.

நம் குழுவில் கட்டடத்துக்குக் கை தூக்கியவரிடம் நான் சொன்னது: சுவர் எழுப்புவது சுலபம், அடுப்படி, தண்ணீர், கழிப்பறை, பூட்டுள்ள கதவு, மாதாமாதம் மாவும் பருப்பும் என்று உங்கள் மதிப்பீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் ஐந்தாண்டில் அது கிட்டங்கி ஆகிவிடும்.

எங்கே இது நிச்சயம் நல்லது? மழைக்காலத்தில் ஆறு பெருகிச் சாலை அறுந்துபோகும் ஊர்களில். விக்டோரியா ஏரித் தீவுகள் போல, இரவில் படகு ஓடாத இடங்களில். முந்தைய பிரசவம் சிசேரியன் ஆனவள், இரட்டைக் குழந்தை சுமப்பவள், ரத்த அழுத்தம் ஏறியவள் என்று ஆபத்து முன்பே தெரிந்தவர்களுக்கு. எல்லோருக்கும் என்று கட்டாமல் இவர்களுக்கென்று சிறியதாகக் கட்டினால் போதும்.

## ஆள்

சோமாலிலாந்தின் எட்னா அடான் இஸ்மாயில், உலகச் சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தன் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு 2002இல் ஹர்கெய்சாவில் ஒரு மகப்பேறு மருத்துவமனை திறந்தார். கட்டடத்தோடு நிற்கவில்லை, ஆயிரம் மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்புவது என்று இலக்கு வைத்தார். எத்தியோப்பியாவில் கேத்தரின் ஹேம்லினும் அவர் கணவரும் 1974இல் அடிஸ் அபாபாவில் ஃபிஸ்டுலா மருத்துவமனை தொடங்கினார்கள். நாள்கணக்கில் பிரசவம் அடைபட்டுச் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, சிறுநீர் ஒழுகி, வீட்டால் ஒதுக்கப்பட்ட பெண்களுக்குத் தைத்துத் தைத்து அனுப்பிய இடம் அது. முப்பது ஆண்டு தைத்த பிறகு, 2007இல், அவர்களின் அமைப்பு மருத்துவச்சிகளுக்கென்று ஒரு கல்லூரி திறந்தது. கிராமத்துப் பெண்களை எடுத்து, படிக்க வைத்து, கிராமத்துக்கே திருப்பி அனுப்புவது. தைத்தவர்களுக்குத்தான் கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

அறுவை சிகிச்சைக்கு மொசாம்பிக் இன்னொரு வழி காட்டியது. விடுதலைக்குப் பின் மருத்துவர்கள் பெரும்பாலும் நாட்டை விட்டுப் போய்விட, 1984இல் மருத்துவர் அல்லாதவர்களுக்கு அறுவைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். பெயர் ‘டெக்னிகோ தெ சிருர்ஜியா’. 2007இல் வந்த ஆய்வுகளின்படி மாவட்ட மருத்துவமனைகளில் பெரிய மகப்பேறு அறுவைகளில் 92 சதவீதம் இவர்கள் செய்தவை. ஓர் அறுவைக்கு ஆகும் செலவு சுமார் 39 டாலர், மருத்துவர் என்றால் 144. எனக்குப் பிடித்த எண் வேறு. பணியில் சேர்ந்து ஏழு ஆண்டு கழித்து, மாவட்ட மருத்துவமனையிலேயே இருந்தவர்கள் இவர்களில் 88 சதவீதம். மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை.

ஆக, ஆள்தான் விடையா? செவிலியர் அம்மாவின் கட்சியில் நானும் பாதி இருக்கிறேன். மீதிப் பாதிக்குக் காரணங்கள்:

படிப்பு மூன்று நான்கு ஆண்டு. அதுவரை அங்கே பிரசவங்கள் காத்திருக்கப் போவதில்லை. படித்து முடித்தவளுக்கு அரசு வேலை கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. கென்யா, மலாவி, கானா போன்ற நாடுகளில் ஒரு பக்கம் காலிப் பணியிடங்கள், மறுபக்கம் வேலையில்லாத செவிலியர்கள் என்ற விசித்திரம் நடந்திருக்கிறது. நியமிக்க வேண்டிய அரசிடம் சம்பளத்துக்குப் பணம் இல்லை. வேலை கிடைத்தாலும், குடியிருக்க வீடும் குழாயும் விளக்கும் இல்லாத ஊரில் இளம்பெண் தனியாக எத்தனை நாள் இருப்பாள்? படிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, சுகாதார நிலையத்தோடு ஒட்டி இரண்டு அறைக் குடியிருப்பு கட்டக் கொடுத்தால், இருக்கிற மருத்துவச்சி இரவில் இருப்பாள். பெயர்ப் பலகைக்கு ஏற்ற கட்டடம் இல்லை, ஆனால் உயிர் காக்கும்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. இருப்பவர்களுக்கே, அவர்கள் வேலை செய்யும் அறையிலேயே, பொம்மை வைத்து அடிக்கடி சிறு சிறு பயிற்சி. ஐந்து நட்சத்திர விடுதியில் படிக்காசு கொடுத்து நடத்தும் மூன்று நாள் பயிலரங்கைச் சொல்லவில்லை. தான்சானியாவில் ஐந்து மாநிலங்களில் 30 மருத்துவ நிலையங்களில் இதைத் தொடர்ந்து செய்தார்கள். 2025இல் வெளியான முடிவில், பிறந்த முதல் நாளிலேயே இறக்கும் குழந்தைகள் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தார்கள். தாய்மார் இறப்பு முக்கால் பங்கு குறைந்திருந்தது. புதிய கட்டடமும் இல்லை, புதிய ஆளும் இல்லை.

## மருந்தும் சில்லறைச் சாமானும்

கேட்டவர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நான் அதிக நேரம் பேச விரும்புவது இதைத்தான்.

பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணளவில்தான் சொல்வார்கள். காங்கா துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, வாளியில் விழுந்தது எல்லாம் சேர்த்து மனக்கணக்கு. மனக்கணக்கு எப்போதும் குறைவாகத்தான் சொல்லும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது. அடியில் கூம்புப் பை, அதில் மில்லிலிட்டர் கோடுகள். ஓரிரு டாலர் விலை. 300 தாண்டினால் உஷார், 500 தொட்டால் உடனே வேலையில் இறங்கு. கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருக்கும் ஊசி, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன் ஏற்றுவது, உள்ளே கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே மூச்சில். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் இதைச் சோதித்து 2023இல் முடிவு சொன்னார்கள். பழைய முறையில் ரத்தப்போக்கு உள்ளவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். இதில் 93 சதவீதம். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, அதனால் இறப்பது மூன்றும் சேர்த்து நூறில் 4.3 ஆக இருந்தது 1.6 ஆனது.

டிரானெக்சாமிக் அமிலம் பற்றி 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு போலக் குறைகிறது. வலிப்புக்கு மெக்னீசியம் சல்ஃபேட். 10,000 பெண்கள் கலந்துகொண்ட 2002 ஆய்வில் வலிப்பு வருவதைப் பாதிக்கு மேல் குறைத்தது. விலை மலிவு, காப்புரிமைத் தொல்லை இல்லை. அப்படியிருந்தும் பிரசவ அறை அலமாரியில் இல்லாத நாள்கள் உண்டு.

இதிலும் மறைவான செலவு இருக்கிறது. கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் குப்பிக்குள் மருந்து செத்துவிடும். பார்த்தால் தெரியாது, அதே நிறம். வெப்பம் தாங்கும் கார்பெடோசின் 30 டிகிரியில் மூன்று ஆண்டு தாங்கும், 2019இலிருந்து உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அது ரத்தப்போக்கு வராமல் தடுக்க. வந்தபின் நிறுத்த ஆக்ஸிடோசின்தான், ஆகவே குளிர்பெட்டியும் அதற்குச் சூரிய மின்சாரமும் வேண்டும். மெக்னீசியம் கொடுத்தால் மூச்சையும், முழங்காலைத் தட்டினால் துள்ளுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும், அளவு மிஞ்சினால் முறிக்கும் மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்தில் இருக்க வேண்டும். விரிப்பும் ஒருமுறைக்குத்தான். தீர்ந்ததும் மறுபடி யார் வாங்குவது? மாவட்டத்தின் அடுத்த ஆண்டு மருந்துப் பட்டியலில் இவை ஏறும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முதல் ஆண்டுக்கு மட்டும் கொடுப்பதுதான் சரி.

ரத்தமும் இதே கணக்கில் வருகிறது. ருவாண்டா 2016இலிருந்து ட்ரோனில் ரத்தம் அனுப்புகிறது. சிறிய மருத்துவமனைகளில் ரத்தம் காலாவதியாகி வீணாவது ஓராண்டில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. நமக்கு ட்ரோன் வேண்டாம். ஒரு ரத்தக் குளிர்பெட்டியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளியிலோ சந்தையிலோ ஒரு ரத்ததான முகாமும் நடத்தலாம்.

## கேட்காதது ஒன்று

பிரசவம் பத்திரமாக நடப்பதற்கு முன், வேண்டாத கர்ப்பம் வராமல் இருப்பது. தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் மூன்று மாதக் கருத்தடை ஊசி இருக்கிறது. பெண்ணே வீட்டில் போட்டுக்கொள்ளலாம். மலாவியில் 2018இல் வந்த ஆய்வில், தானே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் ஓராண்டு விடாமல் தொடர்ந்தார்கள். சுகாதார ஊழியரிடம் போய்ப் போட்டவர்களில் 45 சதவீதம்தான். நடை மிச்சம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வெளிநாட்டு உதவி வற்றியதில் அடிபட்டவற்றில் கருத்தடைப் பொருளும் ஒன்று. நன்கொடைக் குழுக்களில் இதைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும். ஆனாலும் சொல்லிவைக்கிறேன். தனியாக இறக்குமதி செய்ய முயலாதீர்கள். அந்த நாட்டில் ஏற்கெனவே வழங்கிக்கொண்டிருக்கும் அமைப்பிடம் கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | எந்தத் தாமதம் | பலன் எப்போது | மூன்றாம் ஆண்டுச் செலவு | எது இல்லாவிட்டால் வீண் |
|---|---|---|---|---|
| கார் ஆம்புலன்ஸ் | இரண்டாவது | உடனே | மிக அதிகம் | இரவில் அறுவை, ரத்தம் |
| பைக் ஆம்புலன்ஸ் | இரண்டாவது | உடனே | குறைவு | ஓரளவு நல்ல சாலை |
| உள்ளூர் வாடகை வண்டி | முதல், இரண்டாவது | சில மாதம் | ஓட்டத்துக்கு ஏற்ப | அரசு ஏற்பு, கைபேசிச் சமிக்ஞை |
| காத்திருப்பு இல்லம் | முதல், இரண்டாவது | ஓராண்டு | நடுத்தரம் (சாப்பாடு) | பக்கத்தில் நல்ல மருத்துவமனை |
| மருத்துவச்சிப் படிப்பு | மூன்றாவது | 3-4 ஆண்டு | அரசுச் சம்பளம் | நியமன உறுதி, குடியிருப்பு |
| பணியிடப் பயிற்சி | மூன்றாவது | சில மாதம் | குறைவு | மருந்து |
| மருந்து, விரிப்பு, குளிர்பெட்டி | மூன்றாவது | சில வாரம் | குறைவு, ஆனால் தொடர்ந்து | பயிற்சி பெற்ற ஆள் |

கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்றுக்கு இல்லாதது மற்றதில் இருக்கிறது.

பட்டியலில் ஏறாத ஒரு செலவும் உண்டு: மருத்துவமனைக் கட்டணம். கானா 2008இலும், சியரா லியோன் 2010இலும், கென்யா 2013இலும் அரசு மருத்துவமனைப் பிரசவத்தை இலவசமாக்கின. கூட்டம் பெருகியது, ஆள் பெருகவில்லை. இலவசம் என்ற பின்னும் கையுறை, நூல், பிளேடு, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் வாங்கி வரச் சொல்லும் இடங்கள் நிறைய. பில் கட்டாததால் பிரசவித்த இரண்டு பெண்களை மருத்துவமனையில் அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று கென்ய உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. இப்படி ஒரு பயம் ஊரில் இருந்தால் வண்டி வாசலில் நின்றாலும் ஏற மாட்டார்கள்.

## எந்த ஊருக்கு எது

மாவட்ட மருத்துவமனையில் இரவிலும் சிசேரியன் நடக்கிறது, ரத்தம் இருக்கிறது, மருத்துவச்சிகள் இருக்கிறார்கள், ஆனால் வந்துசேர வழியில்லை, 115 போன்ற ஏற்பாடும் இல்லை: அங்கே வண்டி வாங்குங்கள், தயங்காமல். தீவு என்றால் இயந்திரப் படகு. வாங்கும் விலைக்குச் சமமாக இன்னொரு பங்கை டீசலுக்கும் டயருக்கும் ஒதுக்கிவைத்துவிட்டு.

ஆண்டில் மூன்று நான்கு மாதம் சாலை துண்டிக்கப்படும் பகுதி, பக்கத்தில் நல்ல மருத்துவமனை: சிறிய காத்திருப்பு இல்லம், சாப்பாட்டுச் செலவோடு.

ஐந்தாண்டு பொறுமை உள்ள குழு, மாவட்டத்திலிருந்து நியமன உறுதி எழுத்தில் கிடைக்கிறது: உள்ளூர்ப் பெண்கள் இருவரைப் படிக்க வையுங்கள், குடியிருப்பும் கட்டுங்கள்.

மற்ற எந்த ஊராக இருந்தாலும், முக்கியமாக எந்த ஊர் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாதபோது: மருந்து, விரிப்பு, குளிர்பெட்டி, பணியிடப் பயிற்சி. வழியின் கடைசி முனையிலிருந்து, அதாவது பிரசவ அறையிலிருந்து, ஊரை நோக்கிப் பின்னால் நடந்து வாருங்கள்.

நண்பர்கள் அடுத்த மாதம் மாவட்ட மருத்துவ அதிகாரியைப் பார்க்கப் போகிறார்கள். பகலில் அவர் அலுவலகத்தில் தேநீர் குடித்துவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் பிரசவ அறைப் பக்கம் போகச் சொல்லியிருக்கிறேன். விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஆக்ஸிடோசின் எங்கே வைத்திருக்கிறார்கள், மெக்னீசியம் இருக்கிறதா, கடைசியாக எப்போது ரத்தம் ஏற்றினார்கள், இந்த வாரம் எத்தனை இரவு அறுவை செய்ய ஆள் இருந்தார், இன்றிரவு பணியில் உள்ள ம்குங்கா எங்கே தூங்குவார். ம்குங்கா என்றால் மருத்துவச்சி. கேள்விகளைச் சுவாஹிலியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கடைசிக் கேள்வி: இங்கே சமீபத்தில் ஒரு தாய் இறந்தது எப்போது, அன்று எது இல்லை?

அதற்கு அந்த ம்குங்கா சொல்லும் பொருளை முதலில் வாங்குங்கள்.